சின்னப் பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர் நடத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் விளையாட்டுப் போட்டி, சுதந்திர தினம், அபார்ட்மென்ட் ஆண்டு விழா, வீட்டுப் பிறந்தநாள் என எதுவாக இருந்தாலும் மியூசிக்கல் சேர் இல்லாமல் பட்டியல் முடியாது. உறியடிக்கும் கோலப்போட்டிக்கும் ஆள் பிடிக்க வேண்டும். இதற்கு நாற்காலியை எடுத்துப் போட்டாலே பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். அதனாலேயே "இதில் என்ன பெரிய ஏற்பாடு" என்று கடைசி நிமிடம் வரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அழுகையும் தகராறும் அதிகம் வருவது இந்த ஒரு போட்டியில்தான். விழா கமிட்டியில் இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், பலரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இதோ.

விதியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

ஆடுபவர்களைவிட ஒரு நாற்காலி குறைவாகப் போட வேண்டும். பாட்டு ஓடும்வரை எல்லோரும் ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். பாட்டு நின்றதும் உட்கார வேண்டும். இடம் கிடைக்காதவர் அவுட். பிறகு ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு நாற்காலி, இரண்டு பேர்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். நாற்காலியைக் கையால் தொட்டுக்கொண்டே நடக்கக் கூடாது. ஓடும் திசையை மாற்றக் கூடாது. இந்த இரண்டும் சொல்லப்படாததால்தான் முக்கால்வாசிச் சண்டை.

இது எங்கிருந்து வந்த விளையாட்டு?

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வீட்டு விருந்துகளில் ஆடியிருக்கிறார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் இதை 'ஜெருசலேம் பயணம்' என்றுதான் அழைக்கிறார்கள். நம் ஊருக்குப் பள்ளிக்கூடம் வழியாக வந்து அப்படியே தங்கிவிட்டது. இலங்கையில் சங்கீதக் கதிரை.

எந்த வயதிலிருந்து ஆட வைக்கலாம்?

மூன்று வயதுப் பிள்ளையையும் சுற்றி வர வைக்கலாம். ஆனால் பாட்டு நின்றால் அது அம்மாவைத் தேடிப் போகும், அல்லது நின்ற இடத்திலேயே நின்று கைதட்டும். எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்கு உட்கார வேண்டும் என்பது புரியும். தோற்றால் வெளியே போக வேண்டும் என்பதுதான் புரியாது. "நான் உட்காரலாம்னு இருந்தேன், அவன் உட்கார்ந்துட்டான்" என்று நியாயம் கேட்பார்கள். அவர்கள் பார்வையில் அது சரியும்கூட.

ஆகவே யுகேஜி வரை ஒரு பிரிவு, அதில் யாரையும் அவுட் ஆக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு பிரிவு, நான்கு முதல் ஆறு வரை இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வழக்கமான விதி. நேரம் இல்லை என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் வேண்டுமென்றே தள்ள வேண்டியதில்லை, அவன் உட்கார வரும் வேகத்திலேயே பக்கத்தில் இருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கீழே விழுந்துவிடும்.

அவுட்டே இல்லை என்றால் அது என்ன போட்டி?

போட்டியே வேண்டாம், விளையாட்டாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. இந்த வயதில் பிள்ளைகளுக்குப் பிடித்தது பாட்டும் ஓட்டமும், திடீரென்று நிற்கும் அந்த ஒரு நொடியும்தான். ஜெயிப்பது பெற்றோருக்குப் பிடித்தது.

எளிமையான வழி: எத்தனை பிள்ளைகளோ அத்தனை நாற்காலி. பாட்டு நின்றதும் எல்லோரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். இந்த முறை தவளை மாதிரி குதித்துக்கொண்டே, அடுத்த முறை யானை மாதிரி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டே. பத்து நிமிடம் போவதே தெரியாது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. நாற்காலிக்குப் பதில் பெரிய கோரைப்பாய் ஒன்றை நடுவில் விரியுங்கள். பாட்டு நின்றதும் எல்லோரும் பாயின் மேல் நிற்க வேண்டும், ஒரு கால்கூடத் தரையில் படக் கூடாது. அடுத்த சுற்றில் பாயைப் பாதியாக மடியுங்கள். அதற்கடுத்து அதிலும் பாதி. பத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடி, "டேய் உள்ள வாடா" என்று வெளியே நிற்பவனை இழுத்துப் போடுவார்கள். வழக்கமான விளையாட்டில் பக்கத்துப் பிள்ளை எதிரி, இதில் அவனையும் ஏற்றினால்தான் ஜெயம். பாய் கால்வாசி ஆனதும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் போனால் விழுவார்கள். டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும். மண் தரையிலோ புல்லிலோ விரிப்பது நல்லது.

மூன்றாவது, ஸ்டாச்சூ. பாட்டு ஓடும்போது ஆட்டம், நின்றதும் சிலை. இதற்குப் பொருள் எதுவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பேர்? எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு சுற்றுக்குப் பாட்டு சுமார் 20 விநாடி. அப்புறம் அவுட் யார் என்று பார்த்து, நாற்காலியை எடுத்து, மறுபடி வரிசை சேர்க்க அரை நிமிடம். 20 பிள்ளைகள் என்றால் 19 சுற்று, மொத்தம் 16 நிமிடம் ஆகும். முதலில் அவுட் ஆன பிள்ளை 15 நிமிடம் சும்மா நிற்கும். நிற்காது; ஸ்பீக்கர் ஒயரை இழுக்கும்.

சிலர் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து வைத்தால் நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. 30 பேரில் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்றால் 29 பேர் வெளியேறியே ஆக வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று வைத்தால், எப்படிப் பிரித்தாலும் 29 சுற்றுதான். பிரிப்பதில் லாபம் வேறு: நெரிசல் குறையும், விழுவது குறையும், நடுவரால் பார்க்க முடியும். அதற்காகவே பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் ஒன்றாக விடாதீர்கள்.

உண்மையிலேயே நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு நாற்காலி எடுங்கள். இட நெருக்கடி இல்லாமல் 20 பேரை ஒன்றாகவே விட முடிந்தால், 18 நாற்காலியில் ஆரம்பித்து, ஆறு பேர் மிஞ்சும்வரை இரண்டிரண்டாக எடுக்கலாம். ஏழு சுற்றில் 14 பேர் போய்விடுவார்கள். கடைசி ஆறு பேருக்கு மட்டும் ஒவ்வொன்றாக, இன்னும் ஐந்து சுற்று. மொத்தம் 12 சுற்று, பத்து நிமிடம். இன்னொரு நன்மையும் உண்டு: முதல் சுற்றில் வெளியே வரும் பிள்ளைக்கு ஒரு துணை இருக்கும்.

முதலில் அவுட் ஆகும் பிள்ளை அழுகிறதே?

அழும். அதற்கு முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள். அழுத பிறகு "பரவால்ல செல்லம்" என்று தலையைத் தடவினால் அழுகை இன்னும் கூடும், ஊரே திரும்பிப் பார்க்கும்.

கையில் உடனே ஒரு வேலையைக் கொடுத்துவிடுவதுதான் தீர்வு. முதலில் அவுட் ஆனவர்தான் அடுத்த சுற்றுக்கு 'மியூசிக் மாஸ்டர்'. எப்போது பாட்டை நிறுத்துவது என்று உங்கள் கையைத் தட்டிச் சொல்லலாம். அந்தப் பதவி கிடைக்கும் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டால், சில பிள்ளைகள் வேண்டுமென்றே அவுட் ஆகப் பார்ப்பார்கள். இரண்டாவது வந்தவருக்கு நாற்காலி எடுக்கும் வேலை. அதற்கடுத்தவர்கள் எல்லோரும் கைதட்டும் கோஷ்டி. அவர்கள் உட்கார ஒரு ஜமக்காளம் விரித்து வையுங்கள், எடுத்த நாற்காலிகளை அதற்குப் பின்னால் அடுக்குங்கள். ஆட்ட இடத்தில் நாற்காலியும் பிள்ளைகளும் கலந்து கிடக்கக் கூடாது.

"அவுட்" என்று மைக்கில் கத்துவதைத் தவிர்க்கலாம். பெயரைச் சொல்லி "வாங்க வாங்க, மாஸ்டர் வந்தாச்சு" என்று கூப்பிட்டால் பிள்ளை சிரித்துக்கொண்டே வரும்.

எந்த மாதிரி நாற்காலி நல்லது?

கை இல்லாத நாற்காலி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிதான் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பது தெரியும், ஆனால் பக்கவாட்டில் பாய்ந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கைப்பிடி சரியாக விலாவில் இடிக்கும். பந்தல் கடையில் சாப்பாட்டுப் பந்திக்குக் கொடுக்கும் கை இல்லாத நாற்காலி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டூலும் முக்காலியும் வேண்டவே வேண்டாம், கவிழும். மடக்கு நாற்காலியும் வேண்டாம், விரல் மாட்டும்.

வந்து இறங்கியதும் ஒவ்வொரு நாற்காலியையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கால் சேரும் மூலையில் மெல்லிய கீறல் இருக்கும். பெரியவர் மெதுவாக உட்கார்ந்தால் தாங்கும், குழந்தை குதித்து உட்கார்ந்தால் கால் விரிந்துவிடும். கீறல் உள்ளதைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுங்கள். வெயிலில் அடுக்கி வைத்த நாற்காலி தொடையைச் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வட்டமாகப் போடுவதா, இரண்டு வரிசையாகவா?

இடத்தைப் பொறுத்தது. நாற்காலி ஒன்று அகலத்திலும் ஆழத்திலும் ஏறக்குறைய இரண்டு அடி பிடிக்கும். பத்து நாற்காலியை முதுகோடு முதுகாக ஐந்தைந்து வரிசை போட்டால் நீளம் 10 அடி, அகலம் 4 அடி. சுற்றிலும் ஓட நான்கு அடி விட்டால் 18 அடிக்கு 12 அடி போதும். அதே பத்தை வெளிப்பக்கம் பார்த்து வட்டமாகப் போட்டால் 18, 19 அடி விட்டம் வேண்டும். பதினைந்தடித் தெருவில் வட்டத்துக்கு வழியில்லை.

இடம் இருந்தால் வட்டம் நல்லது. வரிசையில் இரண்டு முனைகளும் திருப்பம். அங்கே வேகம் குறையும், பின்னால் வருபவர் முட்டுவார். சில கெட்டிக்காரப் பிள்ளைகள் முனைக்கு வந்ததும் வேண்டுமென்றே மெதுவாக நடப்பார்கள். வரிசைதான் போட முடியும் என்றால் இரண்டு முனையிலும் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். "நட, நட" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலியை எடுக்கும்போது முனையிலிருந்து எடுங்கள், நடுவில் எடுத்தால் இடைவெளி விழும்.

தரை, உடை, செருப்பு விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஓடக் கூடாது. வெறுங்கால் சரி. தார் ரோட்டில் வெறுங்கால் சரியில்லை, மார்கழி, தை மாதத்திலும் மதியம் சுடும். மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட இடமாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

பொங்கலன்று வரும் பெரிய தலைவலி பட்டுப் பாவாடை. கணுக்கால் வரை தொங்கும், ஓடினால் மிதிக்கும். குட்டி வேட்டியும் அப்படியே. முந்தைய நாள் மாலையே வாட்ஸ்அப் குழுவில் "போட்டிக்கு வரும் குழந்தைகள் கவுன், டிராயர், பேன்ட் போட்டு வரவும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அப்படியும் பாவாடையில் வரும் பிள்ளைக்கு இடுப்பில் ஒரு சுருக்கு மடித்துச் செருகிவிட்டால் போதும்.

எந்தப் பாட்டு, எப்படிப் போடுவது?

வேகமான, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. வரிகளை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். தாளம் நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டு, இரண்டாம் சரணத்தில் பாட்டிகள் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் இசை ஒரு கணம் நின்று மறுபடி அடிக்கும் பாட்டுகளைத் தவிருங்கள். பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

யூடியூபில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் வரும். போனில் இறக்கி வைத்த பாட்டுதான் பாதுகாப்பு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃபைனல் சுற்றில் யாராவது அழைப்பார்கள். புளூடூத்தில் இன்னொரு சிக்கல், சில ஸ்பீக்கர்களில் நீங்கள் விரலைத் தட்டிய பிறகு ஒரு கண்ணிமைப்பு கழித்துத்தான் சத்தம் நிற்கும். உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு அது போதும். ஒயர் இருந்தால் ஒயரைச் செருகுங்கள். சத்தத்தை மெல்லக் குறைக்காதீர்கள், சட்டென்று நிற்க வேண்டும்.

பாட்டை யார் நிறுத்த வேண்டும்?

ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர். அவருடைய பிள்ளை அந்தப் பிரிவில் ஆடக் கூடாது. இது சந்தேகத்தினால் இல்லை, அவர் நியாயமாகவே நிறுத்தினாலும் பிறகு பேச்சு வரும், அதற்காக.

மனிதக் கை பழக்கத்துக்கு அடிமை. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு எல்லாச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிற்க ஆரம்பிக்கும், பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். முன்பே ஒரு துண்டுச் சீட்டில் விநாடிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 18, 7, 25, 12, 30, 5 என்று தாறுமாறாக. மியூசிக் மாஸ்டர் பிள்ளை இருக்கும் சுற்றுகளில் சீட்டு வேண்டாம், அவர்களே போதுமான அளவு தாறுமாறு.

ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால்?

பாதிக்கு மேல் இடம் பிடித்தவருக்கே நாற்காலி. சரி பாதி என்றால் இருவரையும் எழுப்பி, சா பூ த்ரீ போட வையுங்கள். இரண்டு பேர் என்பதால் நடுவரும் சேர்ந்து மூன்றாவது கையை நீட்டலாம். பிள்ளைகள் பெரியவர்களின் தீர்ப்பைவிட சா பூ த்ரீயை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

நாற்காலியை இழுத்தவர், தள்ளியவர் அவுட். இதில் தயவு காட்ட வேண்டாம், முதல் முறையே கண்டிப்பாக இருந்தால் இரண்டாம் முறை நடக்காது. எதிரெதிர்ப் பக்கம் இரண்டு நடுவர்கள் நிற்க வேண்டும், ஒருவரால் மறுபக்கம் பார்க்க முடியாது.

பெற்றோர் உள்ளே வந்து விடுகிறார்களே?

கோலமாவால் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். கயிறு கட்டினால் யாராவது தடுக்கி விழுவார்கள், கோடு போதும். "கோட்டைத் தாண்டி வரும் பெற்றோரின் பிள்ளை ஒரு சுற்று உட்கார வேண்டும்" என்று மைக்கில் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். போட்டோ எடுக்க வருபவர்கள்தான் முக்கால்வாசி. அவர்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீரும். "உக்காரு, உக்காரு" என்று கத்தும் அம்மாக்களை நிறுத்த எனக்கு எந்த வழியும் தெரியவில்லை. பெண்கள் பிரிவு மியூசிக்கல் சேரைக் கடைசியில் வைத்தால் அந்த வேகத்தை அங்கே தீர்த்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும்.

தெருவில் ஸ்பீக்கர் போட அனுமதி வேண்டுமா?

வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000இன்படி பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் சில நாட்கள் முன்பே விசாரித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் ஓடும் விளையாட்டுக்குப் பெரிய பெட்டி எதற்கு? கையடக்க ஸ்பீக்கர் ஒன்றே தாராளம்.

கரன்ட் போய்விட்டால்?

எவர்சில்வர் தட்டும் கரண்டியும். பிள்ளைகளுக்குப் பாட்டைவிட இது பிடிக்கும். யாராவது பறை, தவில், டிரம் வாசிப்பவர் இருந்தால் அதைவிட நல்லது, நிறுத்தம் துல்லியமாக இருக்கும். நாற்காலியும் இல்லை என்றால் கொல கொலயா முந்திரிக்கா இருக்கவே இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்தவர்களே பாடுவார்கள், சுற்றி வருபவர் துணியை யார் முதுகுக்குப் பின்னால் போடுகிறார் என்பதுதான் ஆட்டம்.

காது கேளாத பிள்ளையோ, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோ வந்தால்?

தனியே உட்கார வைத்துப் பரிசு மட்டும் கொடுப்பது சரியில்லை. காது கேளாத பிள்ளைக்கு: பாட்டு ஓடும்போது ஒருவர் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும், நிற்கும்போது இறக்கட்டும். துண்டை இறக்குவதும் பாட்டை நிறுத்துவதும் ஒரே ஆளாக இருந்தால்தான் நேரம் ஒத்துவரும். எல்லாப் பக்கமும் தெரியும்படி அவர் நடுவில் நிற்கலாம். சக்கர நாற்காலி என்றால், எல்லோருக்குமே நாற்காலிக்குப் பதில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பெரிய வட்டங்கள் போட்டு, 'வட்டத்துக்குள் வந்து நில்' என்று விதியை மாற்றிவிடுங்கள். எல்லோரும் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையை மியூசிக் மாஸ்டராக ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம், சத்தம் எப்போது நிற்கும் என்பது அவர்கள் கையில் இருந்தால் பயம் குறையும்.

பரிசு என்ன கொடுக்கலாம்?

டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஸ்கெட்ச் பேனா. எவர்சில்வர் தட்டில் விழாவின் பெயரும் வருடமும் வெட்டிக் கொடுத்தால் பல வருடம் அந்த வீட்டில் இருக்கும். பங்கேற்ற எல்லோருக்கும் ஒரே மாதிரி பென்சில், ரப்பர். நிறம்கூட ஒன்றாக இருக்கட்டும். நீலப் பென்சில் கிடைத்தவருக்குச் சிவப்பு வேண்டும் என்று இன்னொரு ரவுண்டு ஆரம்பிக்கும். யுகேஜி பிரிவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம். சாக்லேட் வெயிலில் உருகும், கடலை மிட்டாய் உருகாது. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க பிள்ளைதான் முதலில் உட்கார்ந்தது, வீடியோ இருக்கு" என்று வந்தால்?

வீடியோ பார்க்கக் கூடாது. ஒன்றைப் பார்த்தால் எதிர்த்தரப்பு இன்னொரு போனை நீட்டும், வேறு கோணத்தில் வேறு ஆள் ஜெயித்திருப்பார். நடுவர் தீர்ப்பே இறுதி என்று ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள், இப்படி யாராவது வந்தால் அதையே திரும்பச் சொல்லுங்கள். மிகவும் பிடிவாதம் பிடித்தால் அந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்குள் அவர்கள் இருவரும் பரிசுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.